திருக்கை மீனும் மன்னர் மண்டபமும்

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கடற்றொழிலாளர் கரைசேர்க்கும் திருக்கை மீனை அறியாத தீவகத்தார் இலர். அம்மீன் ஒரு தச்சர் மகனைப் பிரெஞ்சு மன்னரின் ஓவியக் கழகத்துள் கொண்டு சேர்த்த வரலாறு கேட்கத் தக்கது.

பதினான்காம் லூயி சிறுவனாய் அரியணையில் இருந்த 1648-இல் அக்கழகம் தோன்றிற்று. 1667-இல் தன் உறுப்பினரின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 1725 முதல் லூவர் அரண்மனையின் சதுர மண்டபமே காட்சியின் இடமாயிற்று. மண்டபத்தைக் குறிக்கும் 'சலோன்' என்னும் சொல் காட்சிக்கும் பெயராயிற்று. நம்மூர் முடிதிருத்தும் 'சலூனு'க்கும் அதுவே மூலம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நயினாதீவு அம்மன் திருவிழாவில் வாகனச் சிற்பங்களை யாவரும் கட்டணமின்றிக் கண்டு களிப்பது போல, பிரபுவும் பணியாளும் ஒரே சுவரின்முன் நின்றனர். அரண்மனைக்குள் அடங்கியிருந்த ஓவியம் மக்கள் பேசும் பொருளாயிற்று.

ஆயினும் ஒரு தடை இருந்தது. கழகத்தாரன்றிப் பிறர் அங்குப் படம் வைத்தல் இயலாது. 1748-இல் தேர்வுக் குழுவும் ஏற்பட்டது. வரலாறும் சமயக் கதையும் தீட்டுவோர் தலைமை பெற்றனர். மனித உருவம், அன்றாட வாழ்வு, நிலக்காட்சி ஆகியன அவற்றின்கீழ் நின்றன. உயிரற்ற பொருள்களைத் தீட்டுவோர் கடைசியில் நின்றனர்.

அக்கடைசி வரிசையைச் சேர்ந்தவர் ஷார்தேன். 1728-இல் அவர் காட்டிய படத்தில், வயிறு பிளந்த திருக்கை ஒன்று கொக்கியில் தொங்குகிறது. அருகே சிப்பிகளின்மேல் பூனையொன்று முதுகை வளைத்து நிற்கிறது. கழகம் அன்றே அவரை உறுப்பினராக்கிற்று. பின்னாளில் காட்சிச் சுவரில் படங்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது. 1763-இல் திதரோ என்னும் பேரறிஞர் அத்திருக்கையைப் பாராட்டி எழுதினார். அத்துணைப் புகழிருந்தும் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அது வரலாற்று ஓவியர்க்கே உரியதென்பது விதி. புரட்சிக் காலத்தில், 1791-இல், மண்டபம் அனைவர்க்கும் திறக்கப்பட்டது. 1793-இல் கழகமே கலைக்கப்பட்டது.

இலங்கையிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. 1891-இல் தோன்றிய இலங்கைக் கலைச் சங்கம் அரசுக் கழகமன்று. எனினும் ஆங்கிலேயர் பயிற்றிய ஓவிய முறையே அதன் காட்சிகளில் அளவுகோலாய் நின்றது. அதனின் விலகி, 1943-இல் ஜோர்ஜ் கீற் முதலியோர் 'நாற்பத்துமூன்று குழு'வை அமைத்தனர். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938-இல் நிறுவிய கலைக்கழகம், கல்வித் திணைக்களத்துச் சித்திர அதிகாரியாயிருந்த வின்சரின் பெயரைத் தாங்கிற்று.

அரசு சுவர் அளிக்கலாம், மக்களைக் கூட்டலாம், அது கலைக்குச் செய்யும் பேருதவி. எப்பொருள் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று விதித்துவிட்டால் அவ்வுதவியே தளையாகும். தீவகத்துப் பிள்ளையொன்று தேர்ப்படத்தை விட்டுக் கருவாட்டுப் பாயை வரையுமாயின், ஆசிரியர் பொருளைக் கண்டு மதிப்பெண் குறைத்தல் வேண்டா. பிள்ளை அதனைக் கூர்ந்து நோக்கியதா என்பதையே பார்த்தல் வேண்டும். கழகம் வகுத்த வரிசை அழிந்தது. அந்தத் திருக்கை இன்றும் லூவரில் தொங்குகிறது.