லண்டனில் வாங்கிய பழைய வீடு

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கட்டட நிதியைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். நிதி கேட்க வந்தவர் பேச்சு நீளும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆயினும் துண்டு ஏந்துவதற்கு முன் ஒரு வீட்டின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

நம் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மாணவர் விடுதி வேண்டும் என்னும் தீர்மானம் நிறைவேறி ஆண்டுகள் பல ஆகின்றன. புறநகரில் வெறுமனை வாங்கிப் புதிதாகக் கட்டுவதா, நகருக்குள்ளேயே வெள்ளையர் காலத்துப் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிடுவதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. "இடியப்போகும் வீட்டுக்கு எதற்கு ஐயா பணம்?" என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு விடை தேடும்போது நம் கண்முன் வந்து நிற்பது லண்டன் மாநகரில் உள்ள ஒரு பழைய வீடு.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1916-இல் லண்டனுக்குப் படிக்கச் சென்றார். பரோடா அரசு தந்த உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை நடுவில் நிறுத்தி நாடு திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பாரசீகர் விடுதி ஒன்றில் பாரசீகப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்த ஒருவர், வேறு இடம் கிடைக்காமல் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். படிப்பு எத்தனை உயர்ந்தாலும் தலைசாய்க்க ஓர் இடம் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் ஆகிய மூன்றையும் கொண்டு 1920-இல் அவர் மீண்டும் லண்டன் சென்றார். 1921-22-ஆம் ஆண்டுகளில் அவர் குடியிருந்தது பிரிம்ரோஸ் ஹில் பகுதியில், கிங் ஹென்றி சாலை, 10-ஆம் எண் வீடு. விக்டோரியா அரசி காலத்தில் எழுந்த வரிசை வீடுகளுள் அதுவும் ஒன்று. 1923-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது. ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய ஆராய்ச்சி அந்த ஆண்டுகளின் உழைப்பே.

அந்த வீடு 2014-இல் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் உள்ள அம்பேத்கரிய, பௌத்த அமைப்புகளின் கூட்டமைப்பினர் அதைக் கவனித்தனர். அவர்கள் செல்வந்தர் அல்லர். நம்மைப் போன்ற சங்கத்தார்தாம். வாங்கும் வலிமை தமக்கில்லை என்று வாளாவிருக்காமல், இந்திய அரசுக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் எழுதி வற்புறுத்தினர். 2015-இல் மகாராஷ்டிர அரசு அவ்வீட்டை ஏறத்தாழ 31 லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது. நம் பணத்தில் அது முப்பது கோடி ரூபாயை ஒட்டிய தொகை. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி அதை நினைவு இல்லமாகத் திறந்து வைத்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்த மேடையில் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இளைஞர்கள் செவிமடுக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. அந்தத் தெரு குடியிருப்புத் தெரு. குடியிருக்கும் வீட்டை அருங்காட்சியகமாக மாற்றுவதற்கு உள்ளாட்சியின் அனுமதி தேவை. அவ்வனுமதி முன்கூட்டிப் பெறப்படவில்லை. அயலார் இருவர் ஆட்சேபம் எழுப்பினர். கூட்டம் வருகிறது, ஓசை எழுகிறது என்றனர். குடியிருக்க ஒரு வீடு குறைந்துபோகிறது என்பதைக் காரணமாகக் காட்டி, கேம்டன் நகர மன்றம் 2018 அக்டோபரில் அனுமதி மறுத்தது. மேல்முறையீடு நடந்தது. 2019 செப்டம்பரில் பொது விசாரணை கூடியது. அவ்வீட்டின் நினைவுப் பெருமைக்கு உரிய மதிப்பு தர வேண்டும் என்று அங்கே எடுத்துரைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் அந்நாட்டு அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் நினைவு இல்லத்துக்கு இசைவு அளித்தார். பத்திரம் பதிந்தது 2015. நிம்மதியாகக் கதவைத் திறந்து வைக்கும் உரிமை வந்தது 2020. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், ரசீதுப் புத்தகத்தை நம்பி நிற்கும் நம் சங்கம் எத்தனை விழிப்பாக இருக்க வேண்டும்!

அந்த அயலார் மீது நாம் சினம் கொள்ள வேண்டியதில்லை. லண்டனில் குடியிருப்புப் பஞ்சம் உண்மையானது. நகர மன்றம் சொன்ன காரணம் சட்டத்தில் உள்ள காரணமே. அங்கு எழுந்த ஆட்சேபம் எழுத்தில் வந்தது, விசாரணையில் நின்றது, விடையும் பெற்றது. நம் ஊரில் வரும் ஆட்சேபம் பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை. "வீடு ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது" என்று சிரித்த முகத்துடன் சொல்லப்படும். அடுத்த மாதமும் அதே வாசலில் "வாடகைக்கு" என்ற அட்டை தொங்கும். வாடகைக் கட்டடங்களில் காலம் தள்ளிய இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவ்வட்டைகளை நாங்கள் போதிய அளவு படித்துவிட்டோம்.

இந்தக் கோயமுத்தூருக்கும் அத்தகைய பழைய கதை ஒன்று உண்டு. பெரியவர் இரட்டைமலை சீனிவாசன் இந்நகரில்தான் படித்தார். ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்த இடத்தில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர் என்று அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடக் கூடாதே என்று அஞ்சிப் பிற மாணவருடன் சேராமல் ஒதுங்கி நின்றார். பள்ளி முடிந்ததும் எவரும் பின்தொடர்ந்து வந்துவிடாதபடி விரைந்து வீடு திரும்பினார். விளையாட வேண்டிய வயதில் வீட்டு வழியை மறைத்து நடந்த அச்சிறுவர்தாம், பிற்காலத்தில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலுடன் அமர்ந்தார். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் கட்டடத்திலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தவரும் அவரே. நகருக்குள் நம் பிள்ளைகளுக்கு ஒரு வீடு வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். பெயர்ப்பலகை தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளை முகவரியைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பத்து மைல் தொலைவில் வெறுமனை வாங்கினால் செலவு குறையலாம். ஆனால் மாலைக் கல்லூரி முடித்துப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

சரி, பழைய வீட்டை எப்படி வாங்குவது?

முதலில் பத்திரம். பத்திரத்தின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்? செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் நம் மக்கள் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக 1892-இல் நிலம் வழங்க ஆணை பிறந்தது. நம் கோவையில் விக்டோரியா நகர மண்டபம் எழுந்ததும் அதே 1892-இல்தான். அரசியின் பெயரால் எழுந்த மண்டபம் இன்றும் உறுதியாக நிற்கிறது. நம் பெயரால் எழுதப்பட்ட பஞ்சமி நிலம் எத்தனை கைகளுக்குப் போனது என்பதை நீங்கள் அறிவீர்கள். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் அந்நிலம் ஏட்டில் நம்முடையது, ஏரில் பிறருடையது ஆயிற்று. ஆகவே மூலப்பத்திரம் முதல் இன்றுவரை தொடர்ச்சி அறுந்துவிடாமல் இருக்கிறதா, முப்பது ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எத்தனை பேர், அயல்நாட்டில் இருப்பவர் கையெழுத்துக்கு வழி என்ன, மைனர் பங்கு உண்டா என்பனவற்றை எல்லாம் வழக்கறிஞர் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். பழைய பங்களாக்களில் சுவர் விரிசலைவிட வாரிசு விரிசலே அதிகம். கிரயம் தனி மனிதர் எவர் பெயரிலும் இருத்தலாகாது. 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான நம் சங்கத்தின் பெயரிலேயே, பொதுக்குழுத் தீர்மானத்துடன் நடைபெற வேண்டும். எத்தனை நல்லவர் தலைவராக இருப்பினும் இது பொருந்தும். தலைவர் அவர்கள் எங்களை மன்னிப்பாராக.

அடுத்தது லண்டன் வீடு கற்பித்த பாடம். குடியிருப்பாக உள்ளதை விடுதியாக மாற்ற உள்ளூர்த் திட்டக் குழுமத்திடமும் மாநகராட்சியிடமும் முன்பே விசாரிக்க வேண்டும். மாணவியரும் சிறுவரும் தங்குவதாயின் 2014-ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமமும் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே இவற்றைக் கேட்டறிதல் நலம்.

இனி வீட்டைப் பார்ப்போம். விற்பவர் சித்திரை வெயிலில் காட்டும் வீட்டை நாம் ஐப்பசி அடைமழையில் போய்ப் பார்க்க வேண்டும். கோவைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே! ஓட்டுக் கூரைகள் இரண்டு சேரும் மூலை வாய்க்காலில் நீர் எங்கே வழிகிறது என்பது அன்று தெரிந்துவிடும். மங்களூர் ஓடு உடைந்திருந்தால் கவலையில்லை. ஒவ்வோர் ஓடாக மாற்றலாம். ஓட்டைத் தாங்கும் மரந்தான் முக்கியம். தேக்கு உத்திரத்தின் நடுப்பகுதி இரும்புபோல் இருக்கும். சுவருக்குள் புதைந்த முனையோ ஈரம் பட்டு உளுத்திருக்கும். அங்கே சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஒலியே சொல்லிவிடும். கரையான் ஏறிய மண்கோடு சுவரில் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டித் தேதி எழுதி வைப்பது பழைய கொத்தனார்கள் வழக்கம். சில மாதம் கழித்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது ஓய்ந்துபோன விரிசல். உடைந்தால் அடித்தளம் இன்னும் அசைகிறது. அத்தகைய வீட்டை விட்டு விலகுவதே அறிவு. பழையது என்ற பாசம் அங்கே உதவாது.

அடுத்துச் சொல்வதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம். அவ்வீடுகள் சுண்ணாம்பால் எழுந்தவை. சுண்ணாம்பைக் குழியில் நீற்றிப் பல நாள் ஊறவைத்து, மணலுடன் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசினர். அச்சுவர் ஈரத்தை வாங்கும். வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். இன்றைய ஒப்பந்தக்காரர் வந்தவுடன் அதன்மேல் சிமெண்டைப் பூசிப் பளபளப்பாக்கித் தருவார். உள்ளே ஏறும் ஈரத்துக்கு அப்பூச்சு வழி விடாது. சில மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாக விழும். "பழைய வீடு, அப்படித்தான்" என்று பழியை வீட்டின்மேல் போடுவர். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும். செலவு கூடும், நாளும் ஆகும். மின்கம்பிகளையும் குளியலறை, கழிப்பறைக் குழாய்களையும் மட்டும் பழையது ஒன்றுகூட மிஞ்சாமல் மாற்றியாக வேண்டும். ஐம்பது பிள்ளைகள் தூங்கும் கூரையின்கீழ் அறுபதாண்டுக் கம்பி ஓடக் கூடாது.

இந்தச் சுண்ணாம்பு வேலை அறிந்தவர் எங்கே என்று கேட்கிறீர்களா? நம் தெருக்களிலேயே இன்னும் சிலர் இருக்கின்றனர். காளவாயில் சுண்ணாம்புக் கல் சுட்டவரும், கூடை சுமந்தவரும், சாந்து அரைத்தவரும் நம் முன்னோருள் பலர். கட்டி முடித்த பின் அவ்வீடுகளின் முன்வாசலில் அவர்கள் கால் வைத்ததில்லை. எஞ்சியிருக்கும் முதியவரிடம் நம் இளைஞர் நால்வர் அவ்வேலையைக் கற்றுக்கொண்டால், விடுதியும் செப்பனாகும்; அவர்களுக்கு ஒரு தொழிலும் கிடைக்கும். பழைய கட்டடங்களைப் பழைய முறையில் செப்பனிடத் தெரிந்தவர்க்கு இன்று நல்ல கூலி உண்டு.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவே. பார்த்து வைத்துள்ள வீட்டுக்கு வில்லங்கச் சான்று கேட்டு மனுச் செய்வதைச் சட்டம் பயிலும் நம் மாணவர் இருவர் ஏற்றுள்ளனர். மரத்தையும் சுவரையும் பார்க்க மூத்த தச்சர் ஒருவரும் கொத்தனார் ஒருவரும் வர இசைந்துள்ளனர். அவர்கள் எழுதித் தரும் மதிப்பீடு பொதுக்குழுவின்முன் வைக்கப்படும். வாங்கலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் முடிவு உங்களுடையதே. ரசீதுப் புத்தகங்கள் வாயிலில் பொருளாளர் அவர்களிடம் உள்ளன. தொகை சிறிதாயினும் ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம்.