பெற்றோர் கட்டிய வீடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசைக்கும் நாடகத்துக்கும் நடுவே பத்திரத்தையும் வங்கியையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டும். பிழைப்பை நாடி நாம் வடக்கே வந்தோம். பெற்றோரோ கும்பகோணத்திலும் திருச்சியிலும் தாம் கட்டிய வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். இங்கே வந்து இருங்கள் என்றால் குளிரும் மொழியும் குறுக்கே நிற்கின்றன. படியேற இயலாத நாள் வந்ததும் முதியோர் இல்லம் என்ற பேச்சு எழுகிறது. உடனே அடுத்த கேள்வி: பணத்துக்கு என் செய்வது?

அந்த வீடு இருக்கிறதே! வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர்கள் சேர்த்த பொருள் அது. அவர்களுடைய முதுமைக்கு உதவியது போக மிஞ்சுவதே நம் பங்கு. வீட்டை விற்று இல்லத்துக்குக் கட்டினால் ஊரார் என்ன சொல்வார்களோ என்று கூசுகிறவர்கள் உளர். அதே வீட்டைத் தம் பெயருக்கு எழுதி வாங்க அவர்களுட் சிலர் கூசுவதில்லை என்பதுதான் வியப்பு!

நிற்க. ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்னும் தலைகீழ் அடமானம் 2007ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தேசிய வீட்டுவசதி வங்கியின் நெறிமுறைப்படி, 60 வயது நிறைந்தவர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை ஈடு வைத்து மாதந்தோறும் பணம் பெறலாம். அவரும் துணைவரும் அங்கே வாழும்வரை கடனைத் திருப்ப வேண்டுவதில்லை. அவர்கள் காலத்துக்குப்பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இன்றேல் வங்கி விற்றுத் தன் தொகையை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். கேட்க இனிமைதான். ஆனால் முதியவர் வீட்டைவிட்டு நிரந்தரமாக இல்லத்துக்குச் சென்றுவிட்டால் கடன் உடனே செலுத்தற்குரியதாகிறது. ஓராண்டு அவ்வீட்டில் வாழாதிருத்தலே பொதுவாக நிரந்தர வெளியேற்றமாகக் கொள்ளப்படும். ஆகவே வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வோர்க்கு இத்திட்டம் துணை. இல்லம் செல்வோர்க்குத் துணையன்று.

எஞ்சுவன வாடகையும் விற்பனையுமே. வீடு 70 லட்ச ரூபாய் பெறும் என்றும், வாடகை மாதம் 15,000 வரும் என்றும் கொள்வோம். விற்று, அத்தொகையை 7 விழுக்காடு வட்டிக்கு வைத்தால், வரி நீங்கலாகப் பாராமல், மாதம் 40,000க்குச் சற்று மேல் வரும். வேறுபாடு பெரிது. ஆயினும் விற்ற வீடு திரும்பாது. இல்லத்துச் சோறும் சூழலும் ஒத்துவராமல், என்னை என் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று அம்மா சொன்னால் எங்கே கொண்டு விடுவது? முதல் ஓராண்டு வாடகைக்கு விட்டுப் பார்த்து, துண்டுவிழும் தொகையைப் பிள்ளைகள் பகிர்ந்துகொண்டு, பிறகு விற்பதே தக்கது என்பது நம் கருத்து. விற்ற பணம் அம்மாவின் பெயரிலேயே இருக்கவேண்டும். அதை மூத்தவர் கணக்கில் போட்டு வைப்பது முறையன்று.

எப்படியும் பிள்ளைக்குத்தானே என்று செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிடும் பெற்றோரும் உண்டு. எழுதிய அன்றே உரிமை கைமாறிவிடுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007), 23ஆம் பிரிவில் ஒரு காப்பு அளிக்கிறது: பராமரிப்பதாக ஏற்று வாங்கியவர் தவறினால் அப்பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். எனினும் அந்நிபந்தனை இருந்தமை காட்டப்படவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், சட்டத்தை முதியோர்க்கு நலம் பயக்கும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ளல் வேண்டும் என்று கூறி, ஒரு தாய் மகனுக்கு எழுதிய தான பத்திரத்தை ரத்துச் செய்தது. எழுபது வயதில் நீதிமன்றப் படியேறுவானேன்? உயில் எழுதினால் போதுமே! அதை வாழ்நாளில் எத்தனை முறையும் மாற்றலாம்.

மற்றொரு சிக்கலையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தை உயிலின்றி மறைந்திருந்தால், அவர் பெயரிலிருந்த வீடு தாய்க்கு மட்டும் உரியதன்று. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும், ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளும் சமபங்கினர். பிள்ளைகள் மூவர் எனில், தாய்க்குக் கால் பங்கே. தம் செலவுக்காக அவர் அவ்வீட்டை முழுமையாக விற்கவேண்டுமானால் மூவரும் கையெழுத்திட வேண்டும்; அல்லது தங்கள் பங்கைத் தாய்க்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அம்மாவின் நினைவும் உடலும் தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்து முடித்தல் நலம்.

வரும் பொங்கலுக்கு ஊர் செல்வோர் பத்திரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். வில்லங்கச் சான்று ஒன்றும் எடுத்துவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகம் போகிறவர்கள், மணமாகிச் சென்ற சகோதரிகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கையெழுத்தில்லாமல் காரியம் நடவாது.