தலையில் அடிபட்ட பிறகு வந்த கோபம்



சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் எங்க வீட்டு விஷயம் ஒன்று பேசுறேன்.

எங்க வீட்டுக்காரர் கொத்தனார். மூன்று வருஷத்துக்கு முன்னாடி பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலே பத்திரமா இருந்தது. காயம் ஆறிடுச்சு, கை கால் நல்லா இருக்கு. ஆனால் சாப்பிட்டதை மறந்துட்டு சோறு கேட்பார். செங்கல் கணக்கு வரல. சின்ன சத்தத்துக்கும் பிள்ளைகள் மேல கை ஓங்குவார். சிலர் திமிர்னு சொன்னாங்க, சிலர் மந்திரிக்கச் சொன்னாங்க. எங்க அண்ணனோ, பிள்ளைகளோட வந்துடுன்னு கூப்பிட்டார்.

மறுபடி காட்டப் போனப்போ டாக்டர் உளவியல் நிபுணரிடம் அனுப்பினார். "என் பிள்ளை என்ன பைத்தியமா?" என்று மாமியார் சண்டைக்கு வந்தாங்க. அங்கே ஊசி கிடையாது, கேள்விதான். எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. கடிகாரம் வரையச் சொன்னாங்க. ஒரு குட்டிக் கதை சொல்லி, அரை மணி நேரம் கழித்து அதையே கேட்டாங்க. பாஸ், ஃபெயில் இல்லை. மூளையில் எந்த வேலை தடுமாறுது, எது நல்லா இருக்குன்னு பார்க்கத்தான். நெற்றிக்குப் பின்னாடி இருக்கும் பகுதிதான் கோபத்தை அடக்குதாம். இவருக்கு அடி அங்கேதான். அதைக் கேட்ட பிறகுதான் மாமியார் வாய் மூடினாங்க.

பயிற்சி எல்லாம் நம்ம அடுப்படியிலேயே. உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலையைக் கலந்து கொடுத்துப் பிரிக்கணும், நேரம் குறிக்கணும். பேப்பரில் 'க' எழுத்தை மட்டும் தேடி அடிக்கணும். சட்டைப் பையில் குறிப்பு நோட்டு, சாவிக்கு ஒரே ஆணி, ஒரு நேரத்தில் ஒரு வேலை. கோபம் ஏறினா டிவியை அணைச்சுட்டு திண்ணைக்குப் போயிடணும். நான் அப்போ எதிர்த்துப் பேசாம, அடங்கின பிறகு பேசணும். என்னையும் தனியா உட்கார வைத்து அழ விட்டாங்க. எனக்கு அதுதான் வைத்தியம்.

பழைய ஆள் முழுசா திரும்பல. கணக்கு இன்னும் நான்தான் பார்க்கிறேன். ஆனா தம்பியோட பூச்சு வேலைக்குப் போறார். சின்னவ இப்போ அவர் மடியில் உட்கார்றா.

உங்க வீட்டில் இப்படி இருந்தா அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்க, போர்டைப் பார்த்துப் பயப்படாதீங்க. 14416-க்கு போன் பண்ணினாலும் தமிழில் பேசுவாங்க. ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். கூட ஒருத்தர் போகணும். அடிபட்டவருக்குத் தான் மாறினது பல நேரம் தெரியாது. துணைக்கு ஆள் இல்லைன்னா சொல்லுங்க, நான் வர்றேன்.