சிற்றுருவக் கார்களுக்கு வர்ணம் பூசுதல்

பள்ளியில் 34 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். ஒரு பொருளை எந்தத் திரவம் கரைக்கும், எது கரைக்காது என்ற பாடத்தை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, என் பேரனுடைய கையடக்கமான கார் ஒன்று அந்தப் பாடத்தை எனக்கே திரும்பக் கற்பித்தது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியின் 1966ஆம் ஆண்டு உருவம் அது. உண்மை வண்டியில் 24இல் ஒரு பங்கு. நான்கு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வண்டி 17 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. ஜப்பானிய நாட்டு டாமியா கம்பெனியார் செய்தது. தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் கிடைத்த பணத்தையெல்லாம் சேர்த்து வைத்துப் பேரன் அதை வாங்கினான். உறுப்புகளைத் தானே ஒட்டினான். வெளிர் நீல எனாமலைத் தூரிகையால் பூசினான். பளபளப்பு மட்டும் போதவில்லை. “தாத்தா, மேற்பூச்சை நீங்கள் அடித்துக் கொடுங்கள்” என்று என்னிடம் ஒப்படைத்தான்.

நான் கடைத்தெருவுக்குப் போய், மோட்டார் உதிரிப் பொருள் விற்கும் கடையில் நிறமற்ற லாக்கர் ஸ்பிரே டப்பா ஒன்றை வாங்கி வந்தேன். உண்மைக் காருக்கு ஆவது பொம்மைக் காருக்கு ஆகாதா என்பது என் எண்ணம். அடித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை. காய்ச்சிய பாலின் ஆடைபோல வண்டியின் கூரை முழுவதும் சுருக்கம் விழுந்துவிட்டது. பையன் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அழுதிருந்தானானால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். எனாமல் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடும். உள்ளே முழுவதும் கெட்டிப்படப் பல நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். லாக்கரோ கடுமையான கரைப்பானில் கரைந்திருப்பது. கரைப்பான் ஆவியானவுடனே உலர்ந்துவிடும். அந்தக் கரைப்பான் கீழேயுள்ள எனாமலுக்குள் ஊடுருவி அதை ஊதச் செய்கிறது. ஊதிய தோல் விரிய இடமின்றிச் சுருங்குகிறது. மூன்றாவது வகையான அக்ரிலிக், தண்ணீரையோ சாராயச் சத்தையோ கொண்டு இளக்கத்தக்கது, சாதுவானது. ஆகவே லாக்கரைக் கீழே பூசி, அது உலர்ந்தபின் எனாமலையோ அக்ரிலிக்கையோ மேலே பூசலாம். எனாமலின் மீது லாக்கரைப் பூசலாகாது. எந்த டப்பாவையும் திறக்குமுன், வண்டியின் சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் துண்டில் இரண்டு பூச்சையும் அடித்துப் பார்ப்பது நல்லது. நான் அதைச் செய்யவில்லை.

இனி, பூச்சின் கனத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. உண்மைக் காரின் வர்ணப் பூச்சு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 120 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு என்று கொள்வோம். அதை 24ஆல் வகுத்தால் 5 மைக்ரான். அவ்வளவு மெல்லிய பூச்சை எவராலும் பூச முடியாது. எனினும், கதவின் விளிம்புக் கோடுகள் அடைபட்டுப் போகாதிருக்க, கூடிய மட்டும் மெல்லிதாகவே பூச வேண்டும். உண்மைக் கார்களுக்குரிய உலோகப் பொடி கலந்த வர்ணம் இங்கே உதவாததற்கும் இதுவே காரணம். அந்தப் பொடியின் துகள் சிறுவண்டியில் 24 மடங்கு பெரிதாகத் தெரியும்.

நிறத்திலும் அளவு குறுக்கிடுகிறது. சிற்றுருவத்தை ஒரு முழத் தொலைவில் வைத்துப் பார்ப்பது, உண்மை வண்டியை 24 முழத்துக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். தொலைவில் நிறம் சற்று வெளுக்கும். ஆகவே டயருக்கு முழுக் கறுப்பைப் பூசாமல், பளபளப்பில்லாத கருஞ்சாம்பலைப் பூசினால் கண்ணுக்குப் பொருந்தும். 1965இல் இங்கிலாந்தின் கார்கி கம்பெனியார் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்த ஆஸ்டன் மார்ட்டின் காரைப் பொம்மையாக்கினார்கள். படத்தில் அது வெள்ளி நிறம். ஆனால் அந்த நிறம் வர்ணமே பூசாத வார்ப்பு உலோகம்போலத் தோன்றும் என்று கருதித் தங்க நிறம் கொடுத்தார்கள். பொம்மை மிக நன்றாக விற்றது. உள்ளதை உள்ளபடியே காட்டுவதுதான் உத்தமம் என்று வாதிப்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

மஞ்சளும் சிவப்பும் அடிப்பூச்சு தெரியவிடும் நிறங்கள். சாம்பல் அடிப்பூச்சின் மேல் மஞ்சள் அழுக்கேறிக் காணும். அதற்கு வெள்ளை அடிப்பூச்சே ஏற்றது. பூசுமுன் உறுப்புகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழற்றுவதற்காக இடும் எண்ணெய் ஒட்டியிருக்கலாம்.

ஸ்பிரே டப்பாவைக் கை பொறுக்கும் வெந்நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்தால் தூவல் நுண்ணிதாகும். நெருப்பருகே மட்டும் கொண்டு போகலாகாது. சுமார் ஒரு சாண் தொலைவில் பிடித்து, வண்டிக்கு வெளியே தொடங்கி வண்டிக்கு வெளியே முடிக்க வேண்டும். லாக்கரின் ஆவியைத் துணிக் கவசம் தடுக்காது; கரி வடிகட்டியுள்ள கவசமும் திறந்த சன்னலும் வேண்டும். எங்கள் தஞ்சைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் அடிப்பது வீண் வேலை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பூச்சு மோர் தெளித்தாற்போல் வெளிறிவிடும்.

பேரனுடைய வண்டியை எப்படி மீட்டோம் என்று கேட்பீர்கள். மோட்டார் வண்டிக்கு ஊற்றும் பிரேக் திரவத்தில் உடல் பகுதியை ஊறவைத்தோம். நான் கையுறை அணிந்துகொண்டேன், அவனை எட்டி நிற்கச் சொன்னேன். பழைய பல் துலக்கியால் தேய்த்ததும் நீலத்தோல் உரிந்து வந்தது. கழுவி, நுண்ணிய உப்புத்தாளை நீர் தொட்டுத் தேய்த்து, இம்முறை லாக்கரை அடியில் பூசினோம். மெல்லிய பூச்சாக நான்கு முறை. நான்காவதை அடிக்குமுன் அவன் என் கையிலிருந்த டப்பாவை வாங்கி, அதில் எழுதியிருந்ததை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தான். பிறகுதான் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்து அவன் வாங்கி வைத்திருப்பது மஞ்சள் வண்டி. வெள்ளை அடிப்பூச்சும் வந்துவிட்டது. மழை நிற்பதற்காகக் காத்திருக்கிறோம்.