சூலக நோயும் எதிர்காலத் தாய்மையும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளம் பெண்கள் பலரைப் பீடிக்கும் ஒரு நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வந்துள்ளேன். இதனைச் சபையிலே பேசலாமா எனச் சிலர் ஐயுறக்கூடும். நாம் பேசாதிருப்பதனாலேயே பெண்பிள்ளைகள் பலர் தனிமையிற் கண்ணீர் வடிக்கின்றனர். ஆதலின் பேசுவதே கடமை.

பொலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம் எனப்படும் இந்நோயை 1935ஆம் ஆண்டிலே ஸ்ரைன், லெவென்தால் என்னும் சிக்காகோ நகர வைத்தியர் இருவர் ஏழு பெண்களிடத்தே கண்டு விவரித்தனர். இன்று ஏறக்குறைய 10 பெண்களுக்கு ஒருவரிடம் இது காணப்படுகின்றது. மாதவிடாய் தவறுதல், முகத்தில் மயிர் வளர்தல், பருக்கள் என்பன இதன் குறிகள். பருத்தவர்க்கு மட்டுமன்றி, மெலிந்தவர்க்கும் இது வரலாம்.

சூலகத்திற் காணப்படுபவை உண்மையிற் கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட, சூல் தாங்கிய சிறு பைகளே. இந்நோயால் சூல்கள் அற்றுப்போவதில்லை. அவை மாதந்தோறும் வெளிவருவதே தடைப்படுகின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் அச்சத்திற் பாதி அகன்றுவிடும்.

சகோதரிகளே, எதிர்காலத் தாய்மையைக் காக்கும் வேலை இன்றே தொடங்குகின்றது. மாதவிடாய் நாள்களைக் குறித்து வையுங்கள். பூப்பெய்தி மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் 35 நாள்களைக் கடந்தே வருமாயின் வைத்தியரிடம் கூறுங்கள். 90 நாள்கள் வராதிருந்தாற் சிறிதும் தாமதிக்கலாகாது. கருப்பையின் உட்படை வெளியேறாது தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்திற் புற்றுநோய்க்கும் இடமுண்டு. இதனைத் தடுக்க வைத்தியர் ஓமோன் மாத்திரை தருவார். அம்மாத்திரை பின்னர் பிள்ளைப்பேற்றைக் கெடுத்துவிடும் என்பது வீண் பயம்.

இரத்தத்தில் இன்சுலின் மிகுவதும் இந்நோயை வளர்க்கின்றது. ஆகவே நீரிழிவுச் சோதனை அவசியம். பாணையும் சீனித் தேநீரையும் குறைத்து, குரக்கன், பயறு, கீரை வகைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடோறும் விரைந்து நடவுங்கள். 70 கிலோ நிறையுடைய பருத்த பெண் மூன்றரைக் கிலோ குறைத்தாலே மாதவிடாய் ஒழுங்குபடக்கூடும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். "கலியாணம் கட்டிவைத்தால் எல்லாம் சரிவரும்" என்று படிக்கும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். கலியாணம் இந்நோய்க்கு மருந்தன்று. வளரிளம் பருவப் பெண்ணுக்கு ஸ்கான் படத்தைக் கொண்டு இந்நோயென முடிவுசெய்தல் தகாதென்பது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலாகும். அங்ஙனமிருக்க, ஒரு படத்தைப் பார்த்துவிட்டு "மலடி" என்னும் கொடிய சொல்லை எவரும் உச்சரிக்கலாமா?

குழந்தையை விரும்பும் காலத்துக்கும் வழியுண்டு. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இந்நோயுள்ள 750 பெண்களுக்குச் சூல் வெளிவரச்செய்யும் இரு மருந்துகளுள் ஒன்று கொடுக்கப்பட்டது. லெட்ரோசோல் உண்டவர்களுள் 100க்கு 27 பேருக்கு மேல் குழந்தை பெற்றனர். பழைய மருந்தாகிய குளோமிபீன் உண்டவர்களுள் 19 பேரளவிலேயே பெற்றனர். முதல் மருந்து பலிக்காவிடினும் வேறு சிகிச்சைகள் உள. ஆயினும் வயது எவர்க்கும் காத்திராது. மணமான பின், மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள் ஓராண்டு பொறுத்திராது வைத்தியரை நாடுதல் நன்று. கருவுற முன்னரே போலிக் அமிலம் உட்கொள்ளல் வேண்டும்.

வாலிப நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை தாமதித்தாற் பழியைப் பெண்ணின் தலையிற் சுமத்தாதீர்கள். கணவனும் உடன் சென்று தன்னையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கி ஆளும் வழிகள் உள. அவ்வழியிலே நம் பெண்பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்க, வீட்டார் துணைநிற்பார்களாக.