இடாப்பில் நிற்கும் வாக்கு
(ஆபிரகாம் லிங்கனின் சட்டசபை வாழ்வு பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



மாடு வாங்கப் போகும் கமக்காரர் தரகரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. மாட்டின் பல்லைப் பார்க்கிறார். காணி வாங்குபவர் வேலியின் அழகைக் கண்டு மயங்குவதில்லை. உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுகிறார். ஆனால், நம்மை ஆளும் சட்டங்களை இயற்ற ஒருவரைத் தெரிந்தெடுக்கும்போது மட்டும் மேடைப் பேச்சோடும் மாலையோடும் திருப்தியடைந்து விடுகிறோம். அவர் சபையில் எதற்கு 'ஆம்' என்றார், எதற்கு 'இல்லை' என்றார் என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்?

இதனை விளக்க, உலகறிந்த ஒருவரின் அதிகம் அறியப்படாத வாழ்வை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க ஜனாதிபதி லிங்கனை யாவரும் அறிவர். அதற்கு முன்னர் எட்டு ஆண்டுகள் இலினோய் மாநிலச் சட்டசபையில் அமர்ந்திருந்த லிங்கனை அறிந்தோர் சிலரே.

1832 இல் முதன்முறை போட்டியிட்டபோது அவர் தோற்றார். பதின்மூன்று வேட்பாளருள் எட்டாம் இடமே கிடைத்தது. ஆயினும், அவர் வாழ்ந்த நியூ சேலம் என்னும் சிற்றூரில் அளிக்கப்பட்ட 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன. அயலார் அவரை அறிந்திருந்தனர். அந்நாளில் அங்கே வாக்காளரும் வாய்திறந்து பெயர் சொல்லியே வாக்களித்தனர். அது ஏட்டிற் பதியப்பட்டது. 1834 இல் வெற்றி பெற்ற அவர், தொடர்ந்து நான்கு முறை தெரிவு செய்யப்பட்டார்.

அவருடைய இடாப்பைப் புரட்டுவோம். அதில் எல்லாம் பொன்னெழுத்தென்று நான் சொல்லமாட்டேன். 1836 தொடக்கத்தில், கறுப்பின மக்களை வாக்குரிமைக்குள் சேர்ப்பது அவ்வுரிமையை மாசுபடுத்தும் என்ற தீர்மானம் வந்தபோது, லிங்கன் 'ஆம்' என்றார். 1837 இல், புகையிரதப் பாதைகளும் கால்வாய்களும் அமைப்பதற்கு ஒரு கோடி டொலருக்கு மேற் கடன்படும் சட்டத்தை ஊக்கத்தோடு ஆதரித்தார். அவ்வாண்டே நாடெங்கும் பொருளாதாரம் சரிந்தது. வேலைகள் நடுவழியில் நின்றன. கடனோ நின்றது நின்றதுதான். அதனைத் தீர்க்க 1880கள் வரை சென்றது. கையெழுத்திட்டவர்கள் மறைந்த பின்னரும், அந்த மண்ணை உழுதவர்களின் பிள்ளைகள் வரி கட்டினர்.

1840 மார்கழியில் மாநில வங்கியைக் காப்பதற்காகச் சபையின் நிறைவெண்ணைக் குலைக்க எண்ணி, லிங்கனும் சில தோழரும் சாளரத்தின் வழியே வெளியே குதித்தனர். பயன் என்ன? அவர்கள் குதிக்கு முன்பே வரவு பதிவாகிவிட்டது! சாளரத்தின் வழியே உடல் தப்பலாம். இடாப்பிலுள்ள பெயர் தப்புமா?

ஆனால், அதே இடாப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. 1837 ஜனவரி 20 ஆம் நாள், அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்தும், அடிமைகளை உடைமையாகக் கொள்ளும் உரிமை புனிதமானது என்று போற்றியும் தீர்மானங்கள் சபைக்கு வந்தன. ஆதரித்தோர் 77 பேர். எதிர்த்தோர் 6 பேர். அந்த ஆறு பெயருள் ஒன்று லிங்கன். அவருக்கு வாக்களித்தோரிற் பலர் அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அம்மாநிலத்திலேயே, அதே ஆண்டு கார்த்திகையில், அடிமை முறையைத் தாக்கி எழுதிய லவ்ஜோய் என்னும் பத்திரிகையாளரை வெறிகொண்ட கும்பல் சுட்டுக் கொன்றது. அந்தச் சூழலில் 'இல்லை' என்று சொல்வது எளிதன்று.

மார்ச் 3 ஆம் நாள் அவரும் டான் ஸ்டோன் என்ற உறுப்பினரும் தம் மறுப்பை எழுத்தில் பதிந்தனர். அடிமை முறை அநீதியிலும் தீய கொள்கையிலும் பிறந்தது என்றனர். அதே மூச்சில், ஒழிப்புப் பிரசாரம் தீமையைக் கூட்டும் என்றும் கூறினர். மாநிலங்களின் அடிமை முறையிலே தலையிடக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை. தலைநகர்ப் பிரதேசத்தில் அதிகாரமுண்டு, எனினும் அங்குள்ள மக்கள் கேட்டாலன்றி அதனைப் பயன்படுத்தலாகாது என்றனர். மிக எச்சரிக்கையான எழுத்துத்தான். மாநிலத் தலைநகரைத் தம் பகுதியான ஸ்பிறிங்பீல்டுக்கு மாற்றும் வாக்கெடுப்பு வென்று முடிந்த பின்னரே அது வெளிவந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசியல்வாதியின் கணக்கு அதில் இருந்தது; ஆனால் கணக்கை மீறிய மனச்சான்றும் இருந்தது.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1860 இல் ஜனாதிபதித் தேர்தலுக்காகத் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோது, லிங்கன் அந்த மறுப்பையே சுட்டிக்காட்டினார். அன்று கொண்ட நிலையே இன்றும் என் நிலை என்ற கருத்தை எழுதினார். 1862 இல் தலைநகர்ப் பிரதேசத்து அடிமைகளை விடுவிக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். 1836 இல் அளித்த தவறான வாக்கோ? 1865 ஏப்ரல் 11 ஆம் நாள், கறுப்பினத்தவருட் கல்வி அறிவுடையோருக்கும் போர்வீரருக்கும் வாக்குரிமை அளிப்பதை விரும்புவதாகப் பலரறியக் கூறினார். மூன்று நாள்களின் பின் அவரைச் சுட்டனர்.

அன்பர்களே! இதனால் நாம் அறிவது என்ன? குற்றமற்ற உறுப்பினரைத் தேடினால் உலகில் ஒருவரும் கிடையார். லிங்கனே கிடையார். தேட வேண்டியது வேறு: எழுபத்தேழு பேர் ஒரு பக்கம் எழுந்து நிற்கும்போது ஆறு பேரோடு அமர்ந்திருக்கும் துணிவு அவரிடம் உண்டா? தவறிய வாக்கைத் திருத்தும் நேர்மை உண்டா? தாம் அளித்த வாக்கைப் பல ஆண்டுகளின் பின் தாமே எடுத்துக் காட்ட முடியுமா?

இவற்றுக்கு மேடை விடை தராது. இடாப்பே விடை தரும். அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவரை மரியாதையோடு வரவேற்றுத் திண்ணையில் இருத்துங்கள். தேநீர் கொடுங்கள். பின்னர் கேளுங்கள்: "ஐயா, சென்ற முறை நாங்கள் தந்த வாக்கை நீங்கள் எங்கே, எதற்கு அளித்தீர்கள்?"