பந்தலில் உட்கார்ந்திருக்கும் பண ஆசை

(புள்ளலூரில் திருச்சபை மக்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இது போர் பார்த்த மண். பல்லவன் மகேந்திரவர்மனும் சாளுக்கியன் புலிகேசியும் மோதிய ஊர் இது. 1780 செப்டம்பரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஐதர் அலியின் சேனை முறியடித்ததும் இங்கேதான். அவை நாட்டைப் பிடிக்க நடந்த போர்கள். இன்று நான் உங்களைக் கூப்பிடுவது, நம் சபைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட எதிரியோடு மோதுவதற்கு. அந்த எதிரியின் பெயர் பண ஆசை. அது உட்கார்ந்திருக்கும் இடம் நம் கலியாணப் பந்தல்.

மத்தேயு 19ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் வாசியுங்கள். முதலில் பரிசேயர் மனைவியைத் தள்ளுதலைப் பற்றிக் கேட்கிறார்கள். கணவன் மனைவி பந்தம் மனிதன் கைவைக்கக் கூடாதது என்று இயேசு பதில் சொல்கிறார். சீஷர்கள் மிரண்டுபோய், அப்படியானால் கலியாணம் செய்யாமல் இருப்பதே நல்லது என்கிறார்கள். பரலோக ராஜ்யத்துக்காகத் தனித்து வாழ்கிறவர்களும் உண்டு என்று அவர் எடுத்துக் காட்டுகிறார். அந்த அதிகாரம் முடிவதற்குள் சொத்துள்ள வாலிபன் ஒருவன் வருகிறான். உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்னதும் துக்கத்தோடு திரும்பிப் போகிறான்.

கலியாணம், தனிவாழ்வு, பணம்! மூன்றும் ஒரே அதிகாரத்தில் நிற்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? முதல் பகுதியைக் கலியாண ஆராதனைக்கு வைத்துக்கொள்கிறோம். நடுப்பகுதியைத் தாண்டிப் போகிறோம். கடைசிப் பகுதி யாரோ கோடீஸ்வரனுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். பெண் வீட்டில் உட்கார்ந்து பவுன் பேசுகிற நாளில், அந்தத் துக்கமுகத்து வாலிபன் நாம்தான் ஐயா!

மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிக்கிறோம். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதாவது உண்டா என்று சபையைக் கேட்கிறோம். ஒருவரும் வாய் திறப்பதில்லை. எத்தனை பவுன், என்ன வண்டி, எவ்வளவு ரொக்கம் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர் கழனியை அடமானம் வைத்ததும் தெரியும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்கிறது. ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை என்கிறது. கேட்பதே தனிக் குற்றம். நாட்டின் சட்டத்துக்குத் தடையாகப் படுவது நம் சபைக்குத் தடையாகப் படவில்லையா? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகவே மகளுக்குப் போட்டார்கள்" என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரே, ஒன்றும் போடாத வீட்டில் நீங்கள் ஏன் சம்பந்தம் பேசவில்லை?

கலியாணம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டக் கொல்லிமலையே போதும். மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் மணம் முடித்து அந்த மலையில் குடியேறினார்கள். காய்ச்சல் மண்டிய மலையில் மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், வேதம் சொன்னார்கள். 1929இல் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. ஈவ்லின் ஊழியத்தை விடவில்லை. வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தானாகவே மலைக்குத் திரும்பினார். 1974இல், தொண்ணூற்றைந்து வயதில் கண்மூடும்வரை மலைமக்களுக்கே உழைத்தார். அவர்கள் மகன் பால் பிராண்டுதான், நம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்த்து, அவற்றை அறுவை செய்து நிமிர்த்தும் வழியைத் தேடியவர். மனைவியாக இருந்தபோதும் விதவையான பின்பும் ஈவ்லினுக்கு எஜமான் ஒருவரே.

இனித் தனித்து வாழ்கிறவர்களைப் பற்றிப் பேசுவோம். முப்பது வயதைத் தாண்டிய பெண்ணைப் பார்த்து, "இன்னும் ஒன்றும் அமையலையா?" என்று ஆராதனை முடிந்து வாசலில் கேட்கிறோமே, அது அன்பா? பணம் இல்லாததால் கலியாணம் தள்ளிப்போன பெண்ணுக்குச் சபை செய்திருப்பது அநியாயம். அதைத் தேவசித்தம் என்று சொல்லி மூடாதீர்கள். தேவனுக்காகவே தனித்திருக்கும் பெண்ணுக்குச் சபை தரவேண்டியது மரியாதை. பரிதாபம் அவருக்குத் தேவையில்லை.

ஐடா ஸ்கடரை நினையுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனைப்பட்ட மூன்று பெண்களுக்காக ஐடா இருந்த வீட்டுக்கு ஆள் வந்தது. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்தார்கள், மூவரும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். கடைசிவரை மணம் முடிக்கவில்லை. எத்தனை தாய்மார் அவரால் பிழைத்தார்கள்! அவரை யாராவது பாவம் என்பீர்களா? ஆண்களும் கேளுங்கள். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் இயேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் மணமாகாத மருத்துவர்கள். பேட்டன் ஸ்காட்லாந்தின் வசதியான வீட்டுப் பிள்ளை. கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்தார்.

பணமே பாவம் என்று நான் சொல்லவில்லை. வேலூரில் 1902இல் எழுந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, ஒரு வங்கிக்காரர் மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பணத்தில் கட்டியது. கொடுத்த பணம் மருத்துவமனையானது. பிடுங்கிய பணம் என்ன ஆகிறது? ஒரு நாள் பந்தலும் பத்து வருஷக் கடனும். ஆனாலும் காரும் மாடிவீடும் உள்ளவனே தேவனுக்குப் பிரியமானவன் என்று சில மேடைகளில் முழங்குகிறார்கள். அப்படியானால் தலைசாய்க்க இடமில்லாதிருந்த இயேசு தேவனுக்குப் பிரியமில்லாதவரா?

நம் பக்கத்து உத்திரமேரூரில், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டினார்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் உறவினர் பெயரும் குடவோலையில் ஏறக்கூடாது. அந்த ஒழுங்கு நம் சபைக் கமிட்டிகளுக்கும் வேண்டும். கணக்குக் காட்டாதவனோடு வரதட்சணை வாங்கியவனும் வெளியே நிற்கட்டும்!

நான் கேட்பது மூன்று. ஓலை வாசிக்கும் முன் இரு வீட்டாரும் வரதட்சணை இல்லை என்று போதகர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் ஓலை வாசிக்கக் கூடாது. தனித்து வாழ்கிறவர்களுக்குக் கமிட்டியிலும் ஊழியத்திலும் சம இடம் வேண்டும். கலியாணச் செலவை மிச்சம்பிடித்து, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் சபையில் ஒரு நிதி வைக்க வேண்டும்.

வாலிபத் தம்பிகளே, இதற்குப் போதகரையும் கமிட்டியையும் எதிர்பார்த்து நிற்காதீர்கள். உங்களுக்குப் பெண் பார்க்கப் புறப்படும் அன்றே அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒரு பவுன் கேட்டாலும் நான் தாலி கட்ட மாட்டேன்!